நடந்தபடி பாடியவர்

சென்ற வாரம் ஆனந்ததாண்டவபுரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியோடு நின்றோம். தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தானே பாடுகிறவர்களுக்குக் காவிரிக்கரையில் பஞ்சமே இருந்ததில்லை. 1960களில் இங்கிலாந்தில் கிடாரும் கையுமாகக் கிளம்பிய இளைஞர்களைத் தூக்கிவிட இசைத்தட்டுக் கம்பெனிகள் இருந்தன. இந்த வார நாயகருக்குக் கிடைத்தது கோயில் வீதியும், பின்னால் பாடிக்கொண்டு வந்த கூட்டமும்தான்.

ராமய்யா 1890 செப்டம்பர் 26 அன்று, அப்போதைய தஞ்சாவூர் ஜில்லாவின் போலகம் கிராமத்தில் பிறந்தார். ஏழு வயதில் தகப்பனார் ராமாமிர்த ஐயரை இழந்தார். தாயார் யோகாம்பாள் பிள்ளைகளோடு திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். அங்கே ராமய்யா மலையாளமும் சமஸ்கிருத வியாகரணமும் படித்தார். பட்டமும் வாங்கினார். ஆனால் மனத்தில் ஒட்டியது நீலகண்ட சிவனின் கீர்த்தனைகள். 1910-ல் தாயாரும் காலமான பிறகு ஊர் ஊராகத் திரிந்து, அண்ணன் ராஜகோபாலய்யர் இருந்த பாபநாசத்துக்கு வந்தார். (எம்.ஜி.ஆரின் துணைவியார் வி.என். ஜானகி இந்த அண்ணனின் மகள்.) உடம்பெல்லாம் விபூதி பூசி உருகிப் பாடிய இளைஞரைப் பார்த்துக் கணபதி அக்கிரகாரத்து ஜனங்கள் ‘சிவன்’ என்றார்கள். அன்றிலிருந்து அவர் பாபநாசம் சிவன். பாட்டில் அவர் வைத்த முத்திரையோ ‘ராமதாசன்’!

முறையாக ஒரு குருவிடம் நெடுங்காலம் உட்கார்ந்து கற்றவரல்லர். கோனேரிராஜபுரம் வைத்தியநாதய்யரின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே ஞானத்தை வளர்த்துக்கொண்டார். திருவாரூர், நாகப்பட்டினம், திருவையாற்றுச் சப்தஸ்தானம் என்று எங்கே உற்சவமோ அங்கே பஜனை கோஷ்டியோடு இருப்பார். திருவாரூர் தியாகராஜர் மேல் குந்தலவராளியில் பாடியதுதான் முதல் பாட்டு. 1918-ல் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி செய்தார்.

அவருடைய பாட்டுகளின் அமைப்புக்கு அந்த வீதிதான் காரணம் என்பது என் கணிப்பு. பஜனையில் ஒருவர் ஒரு வரி பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாட வேண்டும். சுவாமி முன்னே போய்க்கொண்டிருக்கும். ஆலாபனைக்கு நேரம் கிடையாது. வரி சுருக்கமாக இருக்க வேண்டும், சொல் காதில் தெளிவாக விழ வேண்டும், எடுத்த எடுப்பிலேயே ராகம் தெரிய வேண்டும். சிவனின் தமிழ்க் கீர்த்தனைகளில் இந்த மூன்றும் இருக்கின்றன. பின்னாளில் மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி விடியற்காலையில் அவர் நடத்திய பஜனையும் இதே வழிதான்.

சென்னைக்கு வந்ததும் சினிமா பிடித்துக்கொண்டது. 1934-ல் வெளியான ‘சீதா கல்யாண’த்துக்குப் பாட்டு எழுதினார். அதில் ராமராக நடித்தவர் எஸ். ராஜம்; சீதையாக நடித்தவர் அவருடைய சொந்தத் தங்கை! அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடத்தான் பாட முடியும். கச்சேரி வித்வான்களுக்கு அது மூச்சு முட்டும் இடம். வீதியில் பழகிய சிவனுக்கு அது தாராளம். மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் கந்தர்வக் குரலும் சேர்ந்துகொண்டது. ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ என்று வரிசையாக வந்தன. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் வந்த ‘மன்மத லீலை’ பாட்டு, சாருகேசி என்ற ராகத்தின் பெயரே தெரியாதவர்களை அதை முணுமுணுக்க வைத்தது.

நடிக்கவும் செய்தார். கல்கியின் ‘தியாக பூமி’யை கே. சுப்ரமணியம் 1939-ல் படமாக்கியபோது சம்பு சாஸ்திரி அவர்தான். பஜனை பாடும் அக்கிரகாரத்துப் பெரியவர் வேஷம்; அவருக்குத் தனியாக நடிப்பு என்ன வேண்டியிருந்தது? அந்தப் படத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் பிறகு தடை செய்தது.

சினிமாவுக்கு எழுதியதால் சிவன் தரம் இறங்கினார் என்று அந்நாளில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது வீம்பாகவே படுகிறது. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்து, மேடையில் பாடத் தமிழ்ப் பாட்டு எங்கே என்ற கேள்வி வந்தபோது, வித்வான்கள் கைநீட்டி எடுத்தது இவருடைய ‘கீர்த்தன மாலை’யைத்தான். அதன் முதல் தொகுதி 1934-லேயே நூறு பாட்டுகளோடு வெளிவந்திருந்தது. கபாலிக்கும் கற்பகாம்பாளுக்கும் எழுதிய அதே கைதான் பாகவதருக்கும் எழுதியது.

படித்த வியாகரணத்தையும் வீணாக்கவில்லை. 1954-ல் ஒரு சமஸ்கிருத அகராதியே வெளியிட்டார். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1971-ல் வந்தபோது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மேடை வித்வானாகப் பேரெடுக்காதவருக்கு இவ்வளவு தாமதம். மறு ஆண்டு பத்மபூஷண். 1973 அக்டோபர் 1 அன்று சென்னையில் காலமானார்.

(தொடரும்)