இணைய இணைப்பின்றி வலை நிரலாக்கம் கற்றல்

இணைய இணைப்பின்றி வலை நிரலாக்கம் கற்றல் என்பது, வலைப்பக்கங்களை உருவாக்கும் கணினி மொழிகளை இணைப்பில்லாத கணினியிலேயே பயில்வதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இவ்வழி அச்சு இதழ்கள், அரசு மடிக்கணினி, பள்ளிப் பாடநூல் ஆகியவற்றால் வளர்ந்தது.

அடிப்படை

எச்.டி.எம்.எல். பக்கம் என்பது வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் எழுதிச் சேமித்து, உலாவியில் திறந்தால் பக்கம் தோன்றும். சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவையும் உலாவிக்குள்ளேயே இயங்குபவை. பி.எச்.பி. மொழிக்கு மட்டும் வழங்கி (சர்வர்) தேவை. 2002இல் வெளிவந்த எக்ஸாம்ப் என்னும் இலவச மென்பொருள் தொகுப்பு, சொந்தக் கணினியையே வழங்கியாக மாற்றுகிறது. உலாவியில் 127.0.0.1 என்ற முகவரியைத் தட்டினால் அக்கணினியே விடை தரும்.

வரலாறு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. ஆகிய இரண்டும் அதே ஆண்டில் அறிமுகமாயின. சிறு நகரங்களுக்கு இணைப்பு வருமுன்பே, 'தமிழ் கம்ப்யூட்டர்' போன்ற அச்சிதழ்களும் கணினிப் பயிற்சி மையங்களும் கணினிக் கல்வியைக் கொண்டுசேர்த்தன.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் இதனால் பயன்பெற்றனர். கணினி வீட்டுக்கு வந்தது. இணைப்பு உடன் வரவில்லை. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழும், து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் எச்.டி.எம்.எல்.' முதலிய மின்னூல்களும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பின. அவற்றை ஒருமுறை பதிவிறக்கினால் பென் டிரைவில் பலருக்கும் படியெடுத்துத் தரலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டியுடோரியல்' காணொளிப் பாடங்களும் அவ்வாறு படியெடுத்துப் பயில ஏற்றவை.

2018இல் வந்த புதிய 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் இடம்பெற்றன. 2019இல் வந்த 12ஆம் வகுப்பு நூலில் பி.எச்.பி. சேர்ந்தது. இதனால் வலை நிரலாக்கம் தமிழ்வழி மாணவர்களுக்கும் பொதுத்தேர்வுப் பாடமானது.

அந்தியூர் வட்டாரம்

ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த பர்கூர் மலைச் சிற்றூர்கள் பலவற்றில் கைப்பேசி அலைவரிசை சீராகக் கிடைப்பதில்லை. இத்தகைய ஊர்களில் பாடநூலும், உலாவியும் எக்ஸாம்பும் பதிந்த ஒரு கணினியும் இருந்தாலே மேற்கண்ட பாடங்களுக்கான செய்முறைகளைச் செய்து பார்க்கலாம். கணினியோ ஆய்வகமோ இல்லாவிடில் பாடம் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

வரம்புகள்

பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில் வருவதால், தேடிப்பார்க்க வழியற்ற மாணவர் ஒரு விடுபட்ட அரைப்புள்ளிக்காக நெடுநேரம் தடுமாறக்கூடும். பி.எச்.பி. கையேட்டை முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பது இதற்கு உதவும். ஜேகுவெரி போன்ற நிரல் தொகுப்புகளை இணையத்திலிருந்து அழைக்காமல், கோப்பாகவே கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும். உருவாக்கிய தளத்தைப் பிறர் காண வெளியிடுவதற்கு மட்டும் இணைப்பு இன்றியமையாதது. மலையில் எழுதிய நிரலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அந்தியூருக்கு இறங்கி வந்தால், அந்த ஒரு வேலையையும் முடித்துவிடலாம்.