ஒரு வரி வந்த வழி

லினக்ஸ் ஓடும் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ‘சிபியூ இன்ஃபோ’ என்றொரு கோப்பு உண்டு. திறந்தால் சிப்பின் பெயர், வேகம், கேஷ் அளவு, திறன்களின் நீண்ட பட்டியல் எல்லாம் வரிசையாக வரும். கடைசி வரி ‘பவர் மேனேஜ்மென்ட்’. அதையடுத்து ஒரு முக்காற்புள்ளி. ஏஎம்டி சிப்பாக இருந்தால் அதற்குப் பின்னால் நாலைந்து சுருக்கப் பெயர்கள் இருக்கும். இன்டெல் சிப்பாக இருந்தால் ஒன்றுமே இருக்காது.

மும்பை செம்பூர் திலக் நகரில் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் படிக்கும் பிள்ளைகள் இந்த வெற்றிடத்தைக் காட்டி, “இதுல பவர் சேவிங்கே இல்லையா அங்கிள்?” என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அந்த வரி ஏன் சும்மா இருக்கிறது என்று புரிய, அது பிறந்த இடத்திலிருந்து வர வேண்டும்.

சிப் வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரம் அதன் அதிர்வெண்ணோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் வேகம் 20 சதவீதம்தான் குறையும். செலவோ ஏறக்குறையப் பாதியாகிவிடும். இந்தக் கணக்கு லேப்டாப் சந்தைக்கு வந்த ஆண்டு 2000. ஜனவரியில் இன்டெல் ‘ஸ்பீட்ஸ்டெப்’ கொண்ட மொபைல் பென்டியம் 3 சிப்பைக் கொண்டுவந்தது. அதே மாதம் ட்ரான்ஸ்மெட்டா நிறுவனம் ‘லாங்ரன்’ கொண்ட குருசோ சிப்பை அறிமுகப்படுத்தியது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது அங்கேதான் வேலை பார்த்தார். ஏஎம்டியின் ‘பவர்நவ்’ வந்ததும் அதே ஆண்டுதான்.

சிப்பிடம் திறமை இருக்கிறது. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரிய வேண்டுமே. 1993-இல் பென்டியத்தோடு பரவிய ‘சிபியூஐடி’ என்ற கட்டளை இதற்கு ஒரு வழி திறந்தது. ஒரு கேள்வி எண்ணைக் கொடுத்து இந்தக் கட்டளையை ஓட்டினால், சிப் நான்கு 32-பிட் எண்களைப் பதிலாகத் தரும். திறன்களுக்கென்று ஒதுக்கிய எண்களில் ஒவ்வொரு பிட்டும் ஒரு திறனைப் பற்றி ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லும்.

ஆனால் இன்டெல்லின் முதல் ஸ்பீட்ஸ்டெப்புக்கு அப்படியொரு பிட்டே கிடையாது. கெர்னல் எழுதியவர்கள் துப்பறிய வேண்டியிருந்தது. போர்டில் இருக்கும் துணைச் சிப் லேப்டாப்புக்கான வகைதானா? பிராசஸரின் மாடல் எண் எது, அதில் எத்தனையாவது திருத்தம்? பென்டியம் 4-இல் இதுவும் போதவில்லை. மேசைக் கணினிக்கான சிப்பும் லேப்டாப் சிப்பும் ஒரே எண்களைச் சொல்லின. கடைசியில், சிப்பின் பெயருக்குள் ‘மொபைல்’ என்ற சொல் வருகிறதா என்று தேடும் ஒரு வரியை எழுதிவைத்தார்கள்.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. இந்த வசதிகளை இயக்க, சிப்பின் சிறப்பு ரிஜிஸ்டர்களில் எழுத வேண்டும். இல்லாத ரிஜிஸ்டரைத் தொட்டால் சிப் பிழை எழுப்பும். கணினி அங்கேயே நின்றுபோகலாம். ஊகம் தப்பினால் இழப்பு பயனருக்கு.

நம் வரியின் பிறப்பிடம் ஏஎம்டி. பதினறும எண் 80000007-ஐக் கேள்வியாகக் கொடுத்தால் வரும் பதிலில், மின் நிர்வாகத்துக்கென்றே ஒரு 32-பிட் எண் ஒதுக்கப்பட்டிருந்தது. பூஜ்யமாவது பிட் வெப்பமானி. 1 அதிர்வெண் மாற்றம், 2 மின்னழுத்த மாற்றம். பிறகு 7-இல் வன்பொருளே வேகநிலையை மாற்றும் வசதியும், 9-இல் தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் வசதியும் வந்தன. கெர்னலின் பவர்நவ் டிரைவர்களில் ஒன்று, 1, 2 ஆகிய இரண்டும் இருந்தால்தான் நகரும். ஒன்று குறைந்தாலும், வேகநிலை மாற்றத்துக்கு ஆதரவில்லை என்று பதிவு எழுதிவிட்டு விலகிக்கொள்ளும்.

கணினி எழும்போது கெர்னல் இந்த 32-பிட் எண்ணை அப்படியே வாங்கிச் சேமிக்கிறது. நாம் கோப்பைத் திறக்கும்போது 0 முதல் 31 வரை ஒவ்வொரு பிட்டாகப் பார்க்கிறது. ஏற்றிவைக்கப்பட்ட பிட்டுக்குத் தன் பட்டியலில் பெயர் இருந்தால் அந்தப் பெயரை அச்சிடும். பெயர் இல்லாவிட்டால் அதை மறைக்காது. சதுர அடைப்புக்குள் அந்தப் பிட்டின் எண்ணை மட்டும் போடும். பல ரைசன் லேப்டாப்புகளில் வரியின் முடிவில் 13, 14 என்று மொட்டையாக நிற்கும் எண்கள் இப்படி வந்தவை. சிப் ஏதோ சொல்கிறது, எனக்குப் பெயர் தெரியவில்லை, சொன்னதை உன்னிடம் சேர்த்துவிட்டேன் என்கிறது கெர்னல். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

எட்டாவது பிட்டின் கதை தனி. சிப்புக்குள் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு கடிகார எண்ணி உண்டு. பழைய சிப்புகளில் அது சிப்பின் வேகத்தோடேயே ஏறி இறங்கியது. மின்சாரம் சேமிக்க வேகத்தைக் குறைத்தால் கணினியின் நேரக் கணக்கும் தடுமாறியது. வேகம் எப்படி மாறினாலும் இந்த எண்ணி ஒரே சீராக ஓடும் என்று உறுதி சொல்வதே எட்டாவது பிட். கெர்னல் அந்தச் செய்தியைத் திறன்களின் பட்டியலில் வேறு பெயரில் காட்டிவிடுவதால், மின் நிர்வாகப் பட்டியலில் எட்டாம் இடத்துக்கு வெற்றுப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளின் கேள்விக்கு விடை இங்கேதான். இன்டெல் சிப்பிடம் அதே கேள்வியைக் கேட்டால் எட்டாவது பிட்டை மட்டும் உயர்த்திக் காட்டுகிறது. அதன் பெயர் வெற்று. வரியும் வெற்று. இன்டெல்லின் மின்சேமிப்புத் திறன்கள் 1-ஆம் கேள்வியிலும் 6-ஆம் கேள்வியிலும் இருக்கின்றன. அவை சற்று மேலே, ‘ஃபிளாக்ஸ்’ என்ற நீண்ட வரியில் ‘இஎஸ்டி’, ‘ஹெச்டபிள்யூபி’ என்ற பெயர்களில் கலந்து கிடக்கும்.

‘இஎஸ்டி’ 2003 மார்ச்சில் பென்டியம் எம் சிப்போடு வந்தது. இந்த முறை இன்டெல் முறையான ஒரு பிட் கொடுத்தது. ஆனால் சிப் ‘முடியும்’ என்று சொல்வது வேறு, கணினியை எழுப்பும் மென்பொருளான பயாஸ் அதைத் திறந்துவிட்டிருப்பது வேறு. எனவே கெர்னல் இன்னொரு ரிஜிஸ்டரில் 16-ஆவது பிட்டைப் பார்த்தது. அணைந்திருந்தால் ஏற்ற முயன்றது; ஏற்றியபின் திரும்பப் படித்துப் பார்த்தது. அப்போதும் ஏறவில்லை என்றால் ஒரு செய்தி எழுதிவிட்டு ஒதுங்கியது.

திறன் உறுதியான பிறகுதான் அதை எப்போது பயன்படுத்துவது என்ற கேள்வி. 2004 அக்டோபரில் வந்த 2.6.9 கெர்னலில், வேலை கூடினால் வேகத்தை ஏற்றி, ஓய்ந்தால் இறக்கும் ‘ஆன்டிமாண்ட்’ நிர்வாகி சேர்ந்தது. அதை எழுதியவர்களில் முக்கியமானவர் இன்டெல்லின் வெங்கடேஷ் பல்லிபாடி. இன்று கெர்னலின் இந்தப் பகுதியை ரஃபேல் விசோட்ஸ்கியோடு சேர்ந்து பராமரிப்பவர் நம் நாட்டுப் பொறியாளர் விரேஷ் குமார்.

2015-இல் ஸ்கைலேக் சிப்புகள் அந்த முடிவையும் தம் கையில் எடுத்துக்கொண்டன. வேகத்தைச் சிப்பே தேர்ந்தெடுக்கும். கெர்னல் எல்லைகளையும் விருப்பத்தையும் மட்டும் சொல்லும். 6-ஆம் கேள்வியின் பதிலில் ஏழாவது பிட் இதற்கு அடையாளம். இதை ஒருமுறை இயக்கிவிட்டால், சிப் மறுபடி தொடக்க நிலைக்குப் போகும்வரை அணைக்க முடியாது. அதனால் திறனைக் கண்டறியும் நிரல்வரி முன்பைவிட அதிகப் பொறுப்பைச் சுமக்கிறது.

இன்டெல், ஏஎம்டி வழியில் வராத ரிஸ்க்-ஃபைவ் சிப் குடும்பத்தில் சிபியூஐடி என்ற கட்டளையே கிடையாது. பேராசிரியர் காமகோடி தலைமையில் சென்னை ஐஐடி உருவாக்கி, 2018-இல் லினக்ஸ் ஓட்டிக்காட்டிய ‘சக்தி’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கே கெர்னல், அடியில் இருக்கும் ஃபர்ம்வேரிடம்தான் விசாரிக்க வேண்டும். சும்மா இருக்கும் பிராசஸரைத் தூங்கவைக்கும் டிரைவர், நம் நாட்டுப் பொறியாளர் அனூப் படேல் எழுதியது, 2022-இல் கெர்னலில் சேர்ந்தது. அது இரண்டு கேள்வி கேட்கிறது: ஃபர்ம்வேரோடு பேசும் இடைமுகத்தின் பதிப்பு 0.3-க்குக் குறையாமல் இருக்கிறதா? தூங்கவைக்கும் நீட்டிப்பு இருக்கிறதா? இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த டிரைவர் தொடராது. சிப் புதிது, நாடு வேறு, ஒழுக்கம் அதே.

மின்சேமிப்பின் அருமை தெரிந்த நாள் ஒன்று உண்டு. 2020 அக்டோபர் 12 காலை மும்பையின் பெரும்பகுதியில் மின்சாரம் போனது. வீட்டிலிருந்தே வேலையும் வகுப்பும் நடந்துகொண்டிருந்த காலம் அது. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அன்று பல குடும்பங்களுக்கு உயிர்க் கேள்வி. பழைய லேப்டாப்பை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு அது அன்றாடக் கேள்வி. அதனால்தான் சொல்கிறேன்: வரி வெறுமையாக இருக்கிறதே என்று மெஷினை ஒதுக்காதீர்கள். ஃபிளாக்ஸ் வரியைப் பாருங்கள். பயாஸில் ஸ்பீட்ஸ்டெப் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்து பார்க்கிறீர்கள் என்றால், சிப்பின் பதிலை இடையில் இருக்கும் மென்பொருள் வடிகட்டியிருக்கும். அந்த விடையை வைத்து முடிவுகட்ட முடியாது.

நிரல் எழுதப் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். இந்தப் பெயர்ப்பட்டியல் இருக்கும் கெர்னல் கோப்பு முப்பது வரிக்கும் குறைவு. யாரும் திறந்து படிக்கலாம். கேள், சரிபார், தெரிந்ததைப் பெயரோடு சொல், தெரியாததை எண்ணோடு சொல், இல்லாததைத் தொடாதே. உலகெங்கும் ஓடும் கணினிகளை இத்தனை காலம் காப்பாற்றிவரும் இந்தப் பழக்கத்தை, பெரிய பாடப்புத்தகம் எதையும் புரட்டாமல் அந்த முப்பது வரியிலேயே கற்றுக்கொள்ளத் தொடங்கலாம்.