சொறி என்ற சொல்

அக்காள்மடம் கரையில் போய் "ஜெல்லி மீன் வருமா?" என்று கேட்டால், இளசுகள் யூடியூபில் பார்த்த கண்ணாடிக் குடையை நினைத்துக்கொள்வார்கள். "சொறி வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்கு முன்னால் கை முழங்கையைத் தடவும். ஆங்கிலப் பெயர் அந்த உயிரின் உடம்பைப் பார்த்து வைத்தது. நம் பாடப்புத்தகத்து 'இழுது மீன்' என்ற பெயரும் அப்படித்தான். சொறி என்ற பெயர் மட்டும் மனிதத் தோலிலிருந்து பிறந்தது. தண்ணிக்குள்ள இறங்கினவங்க வச்ச பேரு அது.

இந்தச் சொல்லின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். கடலில் எந்த ஆபத்துக்குக் கணக்கு எழுதுவார்கள், எதற்கு எழுத மாட்டார்கள் என்பதன் வரலாறு.

முதலில் ஊர். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிறது அக்காள்மடம். வடக்கே போனால் பாக் விரிகுடா, ஊர் வழக்கில் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். ஊரின் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். பாம்பன் துறையில் யாத்ரீகர்களிடம் சுங்கம் வாங்கிய மருமகனுக்குச் சேதுபதி மன்னர் மரண தண்டனை கொடுத்தார். அவனை மணந்திருந்த மன்னரின் மகள்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். அவர்கள் நினைவாக எழுந்த மடங்கள்தாம் அக்காள்மடமும் தங்கச்சிமடமும். சாசனம் சொல்லாததைச் சில நேரம் ஊர்ப்பெயர் பிடித்து வைத்திருக்கும். சொறியும் அப்படி ஒரு பெயர்தான்.

இதே மன்னார் வளைகுடாவில் ஆபத்தைச் சமாளிக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லும்போது, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களையும் சொல்கிறார். கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரி யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக் கூடாது அல்லவா! 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டென்னன்ட், அந்த வேலைக்காரரின் தமிழ்ப் பெயரையே எழுதி வைத்தார்: கடல்கட்டி. சுறாவைக் கட்டுகிறவர். பரம்பரையாக வந்த தொழில். மந்திரம் பலித்ததா என்பது இருக்கட்டும். சுறா பயத்தில் குளியாட்கள் இறங்காமல் போனால் முத்து இல்லை, முத்து இல்லாவிட்டால் அரசுக்கு வருமானம் இல்லை. ஆகவே சுறா கணக்கில் ஏறியது.

சாவும் கணக்கில் ஏறும். ஜோசப் ஃபேரர் என்ற மருத்துவர் 1869-இல் பாம்பு கடித்து இறந்தவர்களின் எண்ணிக்கையை மாகாணவாரியாகத் திரட்டி 1872-இல் தன் நூலில் வெளியிட்டார். சொறி பெரும்பாலும் கொல்வதில்லை. ஒரு நாள் கூலியையும் ஓர் இரவின் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டு விட்டுவிடும். அதற்குப் பதிவேடு கிடையாது.

அறிவியல் இங்கே வராமல் இல்லை. 1902-இல் வில்லியம் ஹெர்ட்மன் இலங்கை முத்துப் படுகைகளை ஆராய வந்தபோது சேகரித்த சொறிகளை எட்வர்ட் பிரவுன் வகைப்படுத்தி 1905-இல் அறிக்கை எழுதினார். பாம்பன் குந்துகாலுக்கு எதிரே இருக்கும் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. 1936-இல் எம்.ஜி.கே. மேனன் அந்தத் தீவின் சொறிகளைப் பற்றித் தனியாகவே எழுதினார். 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு 1971 வரை மண்டபம்தான் தலைமையிடம். உடலமைப்பையும் இனத்தையும் பிரித்துச் சொல்வது வகைப்பாட்டு நூலின் வேலை. அதை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். பட்டவர்களின் கதையை எழுதுவது வேறு யாருடைய வேலையோ.

பிறகு சொறி இயந்திரத்தில் சிக்கியது. கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விப்பதற்குக் கடல்நீரை இழுக்கிறது. அந்த நீரோடு கூட்டங்கூட்டமாக வந்த சொறி வடிகட்டித் திரைகளை அடைத்தது. விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2000-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். சில இனங்களை உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்திக் கிழக்காசியச் சந்தைக்கு அனுப்பலாம் என்று தெரிந்ததும், அதற்கு எடையும் விலையும் வந்தன.

ஆக, வருமானத்தைக் கெடுத்தாலோ, உயிரை எடுத்தாலோ, மின்சாரத்தை நிறுத்தினாலோ, காசானாலோதான் பதிவு. பாம்பன் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்கள் இந்த நாலிலும் வர மாட்டார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் துணிச் சுற்று, கண்ணில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு. அவர்களின் பாதுகாப்பு உடை அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் ஒரு காலத்தில் பெண்களின் நைலான் காலுறையை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். பெட்டிச் சொறிக்கு அதுவே கவசம். இரண்டும் தண்ணிக்குள்ள இறங்கினவங்க கண்டுபிடிச்சதுதான். அங்கே அதற்குப் பின்னால் ஆராய்ச்சியும் வலைத் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வந்து சேர்ந்தன.

அந்த ஆராய்ச்சியில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சொறியின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த ஒரு விஷ ஊசி. கரையில் செத்துக் கிடந்தாலும் அது வெடிக்கும். இழை ஒட்டியதும் அதில் பாதிகூட வெடித்திருக்காது. மணலைப் போட்டுத் தேய்த்தால் மிச்சமும் வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அதே கதைதான். ஆஸ்திரேலியாவில் முன்பு சாராயம் ஊற்றச் சொன்னார்கள். அது செல்களை வெடிக்க வைக்கிறது, வினிகர்தான் அடக்குகிறது என்று 1980-இல் நிரூபித்தார்கள். ஆனால் அது அங்கத்துப் பெட்டிச் சொறிக்கு. கிரைசோரா வகையில் சில இனங்களுக்கு வினிகரே எதிராகப் போய்விடும்.

நம் கதை முட்டி நிற்கும் இடம் இதுதான். எந்தச் சொறி என்று தெரியாமல் எந்த மருந்து என்று சொல்ல முடியாது. இழையைக் குச்சியால் எடுப்பது, கடல்நீரால் கழுவுவது, பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் 20 நிமிடமாவது வைத்திருப்பது, மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவது - இவை பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொது. அதற்கு மேல் உள்ளூர் அறிவு வேண்டும். "முன்னயே பட்டவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். 1901-இல் கப்பலில் சொறியினத்து விஷத்தை ஆராயத் தொடங்கிய ஷார்ல் ரிஷே, பிறகு கடல் சாமந்தியின் விஷத்தை வைத்துக் கண்டது இதற்கு நேர்மாறு: முதல் முறை தப்பித்த உடம்பு இரண்டாம் முறை சின்ன அளவுக்கே நிலைகுலையலாம். 1913-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எந்தக் காற்றுக்கு எது வரும், வடகடலில் எது, தென்கடலில் எது, எது அரிக்கும், எது துடிக்க வைக்கும் என்பது கரைவலை இழுப்பவர்களுக்கும் பாசிக்காரப் பெண்களுக்கும் தெரியும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட வெளியூரிலிருந்து வரும் கூட்டத்துக்குத் தெரியாது. மார்கோ போலோ காலத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்து வாங்கிய சேவை இது. இன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்று, மீன் ஏலம் விடும் இடத்தில் ஒன்று. தேதி, காற்று, எந்தக் கடல், சொறியின் நிறம், பட்ட இடம், என்ன செய்தார்கள், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை. எழுதுகிறவருக்குக் கூலி உண்டு, அதை வைத்துக் கரையில் ஒரு பலகை உண்டு என்றால், கடல்கட்டிக்கு இந்தக் காலத்து வாரிசு கிடைத்துவிடுவார். அந்த வேலைக்குப் பாசி எடுக்கும் ஓர் அக்காவை வைத்தால் இன்னும் நல்லது.