இரண வைத்தியமும் இயந்திரக் கையும்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் தெருவில் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. அண்டை வீட்டு அம்மாள் ஒருவருக்கு அண்மையில் ரோபோ வழி அறுவை பரிந்துரைக்கப்பட்டது. மொழிபெயர்க்க உடன் சென்றேன். இளம் மருத்துவர் ஆங்கிலத்தில் தெளிவாக விளக்கினார்; தமிழில் அவரிடம் இருந்ததோ 'யூரின் டியூப்' மட்டுமே. சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயா, பையிலிருந்து வெளியேறும் குழாயா? பேச்சுவழக்கில் இரண்டும் சிறுநீர்க்குழாய்தான். பள்ளிப் பாடநூல்கள் முன்னதைச் சிறுநீர் நாளம் என்றும் பின்னதைச் சிறுநீர்ப் புறவழி என்றும் பிரிக்கின்றன. அச்சொற்கள் வகுப்பறையைத் தாண்டவில்லை.

அறுவையாளரை எம்மொழியில் பயிற்றுவிப்பது என்ற வினாவை யாழ்ப்பாணம் முன்பே எதிர்கொண்டது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் ஆங்கிலவழியில் மருத்துவம் கற்பித்தார். கற்றவர்கள் அரசுப் பணி தேடி ஊரை விட்டகன்றனர். தமிழில் கற்றவர் தமிழரிடையே தங்குவர் என்று கணித்து, 1860களில் அவர் பயிற்றுமொழியை மாற்றினார். மொழிப்பற்று அல்ல, ஊரில் மருத்துவர் நிற்க வேண்டும் என்ற நடைமுறைக் கணக்கே இதில் முதன்மையானது என்பது என் வாசிப்பு. அவர் உருவாக்கிய 60க்கும் மேற்பட்ட மருத்துவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றனர்.

அதற்கு நூல்கள் வேண்டியிருந்தன. ட்ரூயிட்டின் அறுவை நூல் 'இரண வைத்தியம்' என 1867இல் வந்தது. கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இல் வந்தது. ஆங்கில மூலம் வெளியாகி அப்போது 14 ஆண்டுகளே ஆகியிருந்தன! சொல்லாக்கத்தில் முதலில் தமிழ், கிடைக்காவிடில் வடமொழி, அதுவும் இல்லையேல் ஆங்கில ஒலிபெயர்ப்பு என்பது அவர் முறை. ('அங்காதிபாதம்' என் காதுக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் மாணவர் கையில் ஒரு சொல் இருந்தது.) 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி திறந்தது. 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். தமிழ்வழிப் பயிற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை.

இன்றைய ரோபோப் பயிற்சி வேறு உலகம். இடுப்புத் தளச் சீரமைப்போ, சிறுநீர் நாளத்தைப் பையோடு மீண்டும் பொருத்துவதோ, பயில்பவர் முதலில் கணினிப் பாவனைக் கருவியில் ஊசி பிடிக்கிறார். பின்னர் மாதிரி உறுப்புகளில் தைக்கிறார். பிறகே ஆசானின் மேற்பார்வையில் நோயாளியிடம் வருகிறார். எடுத்த நேரம், கைநகர்வின் சிக்கனம், கருவிகள் மோதிய தடவை எல்லாவற்றையும் பாவனைக் கருவி எண்ணி மதிப்பெண் இடுகிறது. நோயாளிக்குச் சொன்னது புரிந்ததா என்பது அதன் எண்ணிக்கைக்குள் வராது.

அன்று நான் மருந்துச் சீட்டின் பின்புறம் இரண்டு குழாய்களையும் வரைந்தேன். மருத்துவர் மேலுள்ளதைத் தொட்டுக் காட்டினார். அம்மாள் கீழுள்ளதில் விரல் வைத்தபடி கேட்டார்: "அப்போ இங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்கல்ல?" ஒரு வாரமாக அவர் உறங்காததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.