பெங்களூரு வார்டு மறுவரையறை

பெங்களூரு மாநகராட்சித் தேர்தலுக்காக வார்டுகளின் எண்ணிக்கையையும் எல்லைகளையும் மாற்றி அமைக்கும் பணி வார்டு மறுவரையறை எனப்படுகிறது. 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் முறையே 243, 225, 369 வார்டுகள் கொண்ட மூன்று வரைபடங்கள் இறுதி செய்யப்பட்டன. 2025 முடியும்வரை இவற்றில் எதன்படியும் தேர்தல் நடக்கவில்லை. எம். கௌதம் குமார் மேயராக இருந்த மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தபின், 2025 இறுதிவரை நகரம் அதிகாரிகளின் ஆட்சியில் இருந்தது.

பின்னணி

ஏழு நகராட்சிகள், ஒரு புரசபை (சிறு நகர மன்றம்), நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆகியவற்றைப் பழைய மாநகராட்சியுடன் இணைத்து 2007இல் புருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே (பிபிஎம்பி) உருவானது. அதன் 198 வார்டுகளுக்கு 2010இலும் 2015இலும் தேர்தல் நடந்தது. 2015இல் பாரதிய ஜனதா 100 இடங்களும், காங்கிரஸ் 76 இடங்களும், மதச்சார்பற்ற ஜனதா தளம் 14 இடங்களும் பெற்றன. ஆனாலும் மேயர் பதவி காங்கிரஸ் - ஜனதா தளக் கூட்டணிக்கே போனது; மேயர் தேர்தலில் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் வாக்கு இருந்தது. பலம் இப்படி நெருக்கமாக இருக்கும் மன்றத்தில் நான்கைந்து வார்டுகளின் எல்லை நகர்ந்தாலே ஆட்சி கைமாறிவிடும்.

மூன்று வரைபடங்கள்

முதல் வரைபடம் பாரதிய ஜனதா ஆட்சியில், 2022 ஜூலையில் வந்தது. தங்கள் சட்டமன்றத் தொகுதிகளில் எல்லைகள் வேண்டுமென்றே வெட்டப்பட்டதாகக் காங்கிரஸார் போராடினர். அடுத்த மாதம் வெளியான இடஒதுக்கீட்டுப் பட்டியலும் வழக்கானது. காங்கிரஸ் வலுவாக உள்ள பகுதிகளில் பெண்களுக்கான வார்டுகளைக் குவித்து, அக்கட்சியின் பழைய கார்ப்பரேட்டர்களைக் களத்திலிருந்து அகற்றப் பார்க்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. உயர் நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று அந்தப் பட்டியலை ரத்து செய்தது.

2023 மே மாதம் ஆட்சிக்கு வந்த காங்கிரஸ், அந்த வரைபடத்தைக் கைவிட்டுச் செப்டம்பரில் 225 வார்டுகளை அறிவித்தது. பிறகு கிரேட்டர் பெங்களூரு நிர்வாகச் சட்டம் 2025 மே 15 அன்று நடைமுறைக்கு வந்தது. பிபிஎம்பி கலைக்கப்பட்டு, மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் பிறந்தன. நவம்பரில் அவற்றுக்கு 369 வார்டுகள் வரையப்பட்டன.

மூன்றுக்கும் அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். அதன்பின் நகர விளிம்பில் எழுந்த குடியிருப்புகளின் மக்கள் இந்தக் கணக்கில் இல்லை.

நீதிமன்றங்கள்

எல்லையை வளைப்பதாக எழும் குற்றச்சாட்டு பெங்களூருவுக்கு மட்டும் உரியதல்ல. 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்புதல் அளித்த ஒரு தொகுதி சாலமாண்டர் என்னும் பிராணியைப் போல வளைந்து கிடந்தது. கட்சி ஆதாயத்துக்கு எல்லை வளைப்பதற்கு 'ஜெர்ரிமாண்டரிங்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இத்தகைய வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்க இயலாது என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் ஒதுங்கிக்கொண்டது.

இந்தியாவில் நீதிமன்றத்தைத் தடுப்பது அரசமைப்புச் சட்டமே. மறுவரையறைச் சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது 243இசட்ஜி பிரிவு. மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளுக்கு 329ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. மறுவரையறை ஆணை அப்பட்டமாக நியாயமற்றதாக இருந்தால் தலையிடலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு வாசலைத் திறந்தது.

ஆகவே பெங்களூரு வழக்குகள் பெரும்பாலும் எல்லையைவிடத் தேதியையே சுற்றின. பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது 243யு பிரிவின் கட்டளை. 198 வார்டுகளின்படி தேர்தல் நடத்துமாறு 2020 டிசம்பர் 4 அன்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டே வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதே உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், எட்டு வாரத்தில் மறுவரையறையை முடிக்கச் சொன்னது. 2022 டிசம்பர் 31க்குள் தேர்தல் என்று உயர் நீதிமன்றம் வைத்த கெடுவும் கடந்துபோனது. கெடு தவறியும் தேர்தல் நடக்காதபோது, தீர்ப்பின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையும் சேர்ந்தே தேய்கிறது. பெங்களூருவில் எல்லைக்கோடு யாருக்குச் சாதகம் என்பதைவிட, கோட்டை மறுபடி மறுபடி வரைவதால் கிடைக்கும் காலதாமதமே ஆளுங்கட்சிகளுக்குப் பெரிய லாபமாக இருந்திருக்கிறது.

இழப்பு குடிமக்களுக்கு. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர்ப் பகுதியும் மூழ்கியபோது, ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) அடைப்பைப் பற்றிக் கேட்க எந்த வார்டிலும் கார்ப்பரேட்டர் இல்லை.

சீர்திருத்தம்

பெங்களூரு வரைபடங்களை வரைந்த குழுக்களுக்கு மாநகர நிர்வாகத்தின் தலைமை ஆணையரே தலைவர். அவரை நியமிப்பது மாநில அரசு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ளாட்சி மறுவரையறை ஆணையத்துக்கு மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமை வகிக்கிறார். மறுவரையறையையும் இடஒதுக்கீட்டையும் மாநிலத் தேர்தல் ஆணையங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது.

கர்நாடகம் எதிர்த்திசையில் நடந்தது. பஞ்சாயத்துத் தொகுதிகளை வரையும் அதிகாரம் அங்கே மாநிலத் தேர்தல் ஆணையத்திடம்தான் இருந்தது. 2021இல் சட்டத்தைத் திருத்தி அதைப் பறித்து, தனி ஆணையத்திடம் கொடுத்தார்கள். 2016இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட, தாலுகா பஞ்சாயத்துகளின் காலம் 2021இல் முடிந்தது. அவற்றுக்கும் 2025 இறுதிவரை தேர்தல் நடக்கவில்லை. சுதந்திரமான ஆணையம், பதவிக்காலம் முடியுமுன் வரைபடம் தயாராக வேண்டிய நாள், தவறினால் பழைய எல்லைகளிலேயே தேர்தல் ஆகிய மூன்றையும் சட்டத்தில் எழுத மாநிலச் சட்டமன்றமே போதும். அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை.