கண்ணாடியும் கயிறு பிடித்தவனும்

கணினித் திரையில் ஊடே பார்க்கவிடும் கருவிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலிருந்து, செராக்ஸ் ஆய்வகத்தின் எரிக் பியரும் கூட்டாளிகளும் 1993இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகிறார்கள். இடது கை கண்ணாடித் தகடு போன்ற ஒன்றை வேலையின்மேல் நகர்த்தும். வலது கை அதன் வழியாகவே சுட்டும். கவனம் ஓரத்துப் பட்டியலுக்கு ஓட வேண்டியதில்லை. தூத்துக்குடிக்காரனான எனக்கு இந்தக் கதையாடல் போதவில்லை.

இங்கே முத்துக்குளித்தவர்கள் வெறுங்கண்ணோடு இறங்கினார்கள். தண்ணீருக்குள் கருவிழியின் ஒளிவிலக்கம் ஏறக்குறைய செத்துவிடும், எல்லாம் மங்கல். கண் பாதி, கை பாதியாகத்தான் சிப்பியைத் தேடணும். பிற்பாடு சங்குகுளிப்பவர்கள் போட்டுக்கொண்ட முகக்கண்ணாடி கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை நிறுத்திவைத்தது, அவ்வளவுதான். பார்வை தெளிந்தது. ஆனால் அந்தத் தட்டைக் கண்ணாடி வழியே பொருள் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். பக்கவாட்டுப் பார்வையோ சுருங்கிப்போகும். தெளிவு என்பதே ஒரு திருத்தப்பட்ட பிரதிதான்.

மூச்சு எவ்வளவு மிச்சம் என்பதை எந்தக் கண்ணாடியும் சொல்லாது. 1961இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது வரை அந்தக் கவனத்தைச் சுமந்தவன் படகில் கயிறு பிடித்து நின்றவன். கீழேயிருந்து ஒரு சுண்டு வந்ததும் தூக்கணும். அவன் இருந்ததால்தான் இவன் சிப்பியை மட்டும் பார்த்தான். திரை வடிவமைப்பாளர்களின் சொல்லாடலில் கவனம் தனியாளின் சொத்து. அந்த இடது கை இங்கே இன்னொரு ஆள். மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. அக்கா தாலி ஞாபகம் இருக்குமில்லையா.