தட்டினால் திறக்கும் கதவு



நம் தோட்டத்து வீடுகளில் சுவாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சிறிய அட்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அண்ணனுடையதாக இருக்கும். அல்லது மகள் வீட்டுக்குப் போய்வரும் பாட்டியுடையதாக இருக்கும். அதுதான் ஈஸி-லிங்க் அட்டை. மன்னர்களுக்கு மட்டும்தான் வரலாறு உண்டு என்று என் வகுப்புப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த அட்டைக்கும் வரலாறு உண்டு, கேளுங்கள்.

ஒரு காலத்தில் சிங்கப்பூர்ப் பேருந்தில் ஏறினால் கண்டக்டர் வருவார். சில்லறையை வாங்கிக்கொண்டு டிக்கெட்டில் துளை போட்டுக் கொடுப்பார். பிறகு ஓட்டுநர் ஒருவரே போதும் என்றாகி, கண்டக்டர் வேலை படிப்படியாக மறைந்தது. 1987 நவம்பர் 7-ஆம் நாள் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் பெருவிரைவு ரயில் ஓடியது. ஐந்தே நிலையங்கள்தாம். அந்த ரயிலுக்குக் காந்தப் பட்டை பூசிய டிக்கெட் வந்தது. 1990-இல் டிரான்சிட்லிங்க் அட்டை வந்து, ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒரே அட்டை என்ற நிலையை உண்டாக்கியது.

அந்த அட்டையைக் கதவின் வாயில் நுழைக்க வேண்டும். அது மறுபக்கம் வந்து எட்டிப் பார்க்கும். பேருந்திலோ பயணி தானே கட்டணப் பொத்தானை அழுத்த வேண்டும். தூரத்துக்கு ஏற்ற பொத்தானை எல்லாரும் ஒழுங்காக அழுத்தினார்களா என்று கேட்காதீர்கள்! அட்டை மடங்கினாலும் கெடும். காந்தம் பட்டாலும் கெடும். ஒவ்வொருவரும் நுழைத்து எடுப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும்.

இதற்குள் மற்ற ஊர்கள் முந்திக்கொண்டன. 1997 செப்டம்பர் 1-ஆம் நாள் ஹாங்காங் தன் 'ஆக்டோபஸ்' அட்டையை வெளியிட்டது. அதே ஆண்டில் நம் நாட்டு நெடுஞ்சாலைச் சாவடிகளில் 'டச் என் கோ' வந்தது. சிங்கப்பூரில் ஈஸி-லிங்க் அட்டை 2002 ஏப்ரல் 13-ஆம் நாள் புழக்கத்துக்கு வந்தது. ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு; தூரத்தை இயந்திரமே கணக்கிட்டுக்கொள்ளும். இறங்கும்போது தட்ட மறந்தால், அந்தப் பேருந்து போகும் கடைசி இடம் வரைக்கும் காசு போய்விடும். இப்படி ஏறும் இடமும் இறங்கும் இடமும் பதிவானதால்தான், 2010 ஜூலை 3 முதல் மொத்தப் பயணத் தூரத்துக்கு மட்டும் கட்டணம் என்ற முறையைக் கொண்டுவர முடிந்தது. அதுவரை ஒரு பேருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கூடுதல் காசு. சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமா?

இந்த அட்டையைப் பிரித்துப் பார்த்தால் பேட்டரி இருக்காது. பின் எப்படி வேலை செய்கிறது? ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கவனியுங்கள். அட்டைக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும், எள் போல ஒரு சில்லும் உள்ளன. கதவில் உள்ள கருவி, விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவைக்கு மேல் மாறிக்கொண்டிருக்கும் காந்தப் புலத்தைப் பரப்புகிறது. மாறும் காந்தப் புலத்துக்குள் கம்பிச் சுருள் வந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். அந்தத் துளி மின்சாரத்தில் சில்லு விழித்து, கதவோடு பேசிவிட்டு, மறுபடி தூங்கிப்போகிறது. கண் இமைக்கும் நேரம்தான்.

இனி, நான் சொல்ல வந்ததன் முக்கியப் பகுதி. ஈஸி-லிங்க் முறையில் உங்கள் பணக்கணக்கு அட்டையின் சில்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கதவு அதைப் படித்து, கட்டணத்தைக் கழித்து, மீதி எவ்வளவு என்று திரையில் காட்டும். 'சிம்பிளிகோ' என்ற புதிய முறையில் கணக்கு எங்கோ ஒரு கணினியில் இருக்கும். அட்டை, ஆளை அடையாளம் காட்டும் சீட்டு மட்டுமே. அதில் நன்மை இல்லாமலில்லை. அட்டை தொலைந்தால் முடக்கலாம்; கைப்பேசியிலேயே பணம் போடலாம். ஆனால் கதவில் மீதித்தொகை தெரியாது.

2024 ஜனவரி 9-ஆம் நாள், அங்குள்ள நிலப் போக்குவரத்து ஆணையம், பெரியவர்களின் பழைய வகை அட்டைகள் ஜூன் 1 முதல் செல்லாது, புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. மக்கள் வரிசை கட்டி நின்றார்கள், முணுமுணுப்பு பெருங்குரலானது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 22-ஆம் நாள் அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையையும் தொடர்ந்து நடத்த 4 கோடி வெள்ளி கூடுதலாகச் செலவாகும் என்றும் சொல்லப்பட்டது.

ஒரு எண்ணைப் பார்ப்பதற்கா இத்தனை கோடி என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மா பால்மரம் வெட்டியவர். வாளியைத் தராசில் வைப்பார். எத்தனை கிலோ என்று கிராணி சொல்வதுதான் கணக்கு. சம்பள நாளில் முன்பணம் கழித்தது, கடைப் பற்று கழித்தது என்று ஏதேதோ போய், கையில் வருவதுதான் சம்பளம். எது எவ்வளவு கழிந்தது என்று பார்க்க வேண்டுமென்று அம்மா கேட்டதில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது.

அந்த ஜனவரியில் என் மாணவி ஒருத்தியின் பாட்டி பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். மகளைப் பார்க்க மாதம் ஒரு தடவை உட்லண்ட்ஸ் போகிறவர்.

"டீச்சர், அந்தக் கதவுல நம்பர் தெரியாதாமே? அப்புறம் எவ்வளவு எடுத்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல பாக்கலாம் பாட்டி."

"எங்கிட்ட ஏது அந்த மாதிரி போனு?"

முடிவு மாறிய செய்தியை நான்தான் அவரிடம் போய்ச் சொன்னேன். மறுமாதம் போய்வந்ததும், வாசலில் என்னைக் கண்டு நின்றார். "ஆறு வெள்ளி நாப்பது காசு மிச்சம் இருக்கு டீச்சர், நானே படிச்சேன்" என்றார்.